பச்சையம்மாள் திருப்பிக் கொண்டுபோன நாய்

பச்சையம்மாளுக்கு நாய் என்றால் ஆகாது. பயமில்லை, அருவருப்பு. அடி அண்ணாமலையில் அவள் பிறந்த வீட்டில் நாய் இருந்தது. மாட்டுக் கொட்டகைக்கு அந்தப் பக்கம் கிடக்கும், மல்லாட்டைக் கடலை காயப் போட்டால் காவல் காக்கும், மீந்த சோற்றைத் தின்னும். அதை யாரும் தடவிக் கொடுத்ததில்லை. தப்பித் தவறித் தொட்டுவிட்டால் கை கழுவாமல் வீட்டுக்குள் வரமுடியாது. நாய் மெத்தையில் ஏறிப் படுக்கும், மனிதர்கள் அதற்கு வாயைக் காட்டி நக்கக் கொடுப்பார்கள் என்பதையெல்லாம் அவள் தன் நாற்பத்தாறாவது வயதில்தான் பார்த்தாள். பார்த்ததோடு போகவில்லை. அந்த மெத்தை உறைகளைத் துவைக்கும் வேலையும் அவளுடையதாக இருந்தது.

அவள் கணவன் சுப்பிரமணி கொத்தனார். சாரம் சரிந்து விழுந்து, மூன்று மாதம் படுக்கையில் கிடந்து இறந்துபோனான். அப்போது மகள் அன்புச்செல்வி ஏழாவது படித்துக்கொண்டிருந்தாள். மகளைப் படிக்கவைத்து ஆரணியில் கட்டிக்கொடுக்கும்வரை செங்கம் சாலையின் விடுதிகளில் பச்சையம்மாள் அறை துடைத்தாள். வெள்ளைக்காரர்கள், வடநாட்டுக்காரர்கள், ஆறு மாதம் தங்கித் தியானம் செய்கிறவர்கள், அறைக்குள்ளேயே குடித்துவிட்டு வாந்தி எடுத்தவர்கள் என்று எல்லோருக்குப் பின்னாலும் அவள் துடைத்திருக்கிறாள். அடைத்துக்கொண்ட கக்கூஸில் கையை விட்டிருக்கிறாள். "மனுசன் அசிங்கம் எனக்குப் புதுசா?" என்பாள். முகம் சுளிக்காத வேலைக்காரி என்று பெயர் வாங்கியிருந்தாள்.

கொரோனாவுக்குப் பிறகு அவளை வேலைக்குக் கூப்பிட்டவர் சக்கரவர்த்தி. அரசாங்க உத்தியோகத்தில் ஓய்வு பெற்று, வேங்கிக்காலில் புது வீடு கட்டிக்கொண்டு போய்விட்டவர். ரமணாசிரமத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த தன் பழைய வீட்டுக்கு வெள்ளையடித்து, ஏசி போட்டு, போன் வழியாக நாள் வாடகைக்கு விட்டார். முதல் வருடம் ஆளே வரவில்லை. பெங்களூரிலிருந்து வந்த ஒருத்தர்தான் யோசனை சொன்னார்: நாயோடு வருகிறவர்களுக்கு இந்த ஊரில் ஒரு இடமும் கிடைப்பதில்லை, அவர்களைச் சேர்த்துக்கொண்டால் வீடு காலியாகவே இருக்காது. சக்கரவர்த்தி அன்றைக்கே விளம்பரத்தை மாற்றினார். பின்பக்கக் காலிமனைக்குக் கம்பிவலை அடித்தார். இரண்டு எவர்சில்வர் வட்டில் வாங்கினார். 'உங்கள் செல்லக் குழந்தைக்கும் அண்ணாமலையாரின் அருள்' என்று பலகை எழுதி வாசலில் மாட்டினார். பிறகு அவர் அந்த வாசலைத் தாண்டி உள்ளே வருவதே நின்றுபோனது. நாய் வந்திருக்கிறதென்றால் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு தெருவில் நின்றே பேசுவார். அருளெல்லாம் பலகையோடு சரி.

அந்த வீட்டில் கறி சமைக்கக் கூடாது. ஆசிரமம் பக்கத்தில் இருக்கிறது, சுத்தமான இடம் என்பது சக்கரவர்த்தியின் சட்டம். ஆனால் நாய்க்குக் கோழி வேகவைத்துக் கொடுக்கலாம். உப்புப் போடாமல், எலும்பில்லாமல் வேகவைக்க வேண்டும்.

"மனுசன் துன்னா தோஷம், நாய் துன்னா தோஷமில்லையா சார்?" என்று பச்சையம்மாள் ஒருநாள் கேட்டாள்.

"அது வாயில்லா ஜீவன். உனக்கு இன்னாத்துக்கு அந்த வம்பு?" என்றார் அவர்.

அடுப்பில் வேகும் அந்த உப்பில்லாக் கறியின் வாடைக்கு அவளுக்கு மத்தியானச் சோறு இறங்காது.

மூன்று வருடத்தில் எத்தனையோ நாய்கள். கால்சட்டை மாதிரி ஒன்றை மாட்டிக்கொண்டு வந்த சப்பை மூக்கு நாய் ஒன்று. சாப்பாட்டு மேஜைமேல் ஏறி நின்று, எஜமானியின் தட்டிலேயே தின்ற நாய் ஒன்று. அந்தத் தட்டை அதே பஞ்சில் தேய்க்க முடியாமல் பச்சையம்மாள் வெளியே வைத்துச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். தலையணை உறையைத் திருப்பினால் மயிர், குளியலறைச் சல்லடையில் மயிர், குடிக்கிற தண்ணீரில் மயிர். எல்லோரும் அப்படி என்று சொல்ல முடியாது. புதுச்சேரியிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். தன் நாய் போனதைத் தானே அள்ளினார், தரையைத் தானே துடைத்தார், போகும்போது துணிகளை மடித்து வைத்துவிட்டுப் போனார். அவரைப் பற்றிப் பேசும்போது மட்டும் பச்சையம்மாள் குரலில் சுளிப்பு இருக்காது.

போன மாசி பிறப்பதற்கு முந்திய வாரம் ஒரு வியாழக்கிழமை, சென்னையிலிருந்து செழியனும் வினோதினியும் வந்தார்கள். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும் தம்பதி. கூட்டி வந்த நாயின் பெயர் மஃபின். பதின்மூன்று வயது, வெளுத்துப்போன பழுப்பு நிறம். பின்னங்கால் இரண்டும் சரியாக விளங்கவில்லை. இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்குப் புண். காரின் பின்கதவைத் திறந்ததுமே அந்த நாற்றம் சந்துக்கு வந்துவிட்டது.

"வயசாயிடுச்சுக்கா, அதான். ரொம்ப சமத்து இவன்" என்று வினோதினி சொல்லிக்கொண்டே போனை உயர்த்திப் படம் பிடித்தாள். அவளைப் போனில் பின்தொடர்கிறவர்கள் நிறையப் பேர் என்று செழியன் சொன்னான். நாயோடு ஊர் ஊராகப் போவதும் நாயோடு தங்கும் வீடுகளைக் காட்டுவதும்தான் அவளுடைய வேலையாம்.

அன்று சாயங்காலமே மெத்தை நனைந்துவிட்டது. "இவன் எப்பவும் இப்படிப் பண்ணமாட்டான். புது இடம்ல" என்றாள் வினோதினி. பச்சையம்மாள் மெத்தையைத் தூக்கி வெயில் படும் இடத்தில் சாய்த்து வைத்தாள். அடுத்த நாளும் நனைந்தது. அன்று நாய் நனைந்த மெத்தையிலேயே கிடந்தது. அவர்கள் இருவரும் வெளியே போய் தோசை தின்றுவிட்டு வந்தார்கள்.

சனிக்கிழமை நாயைக் கிரிவலம் கூட்டிப் போனார்கள். பச்சையம்மாளையும் காரில் ஏற்றிக்கொண்டார்கள், நாயைப் பிடித்துக்கொள்ள. அடி அண்ணாமலை கோயிலுக்கு முன்னால் வண்டியை நிறுத்தினார்கள். வினோதினி நாயின் நெற்றியில் விபூதி பூசினாள், கழுத்தில் சாமந்தி மாலை போட்டாள். மலை தெரியும்படி நிறுத்தி, "நடக்க விடுங்கக்கா" என்றாள். நாய் எட்டு அடி வைத்தது. ஒன்பதாவது அடியில் பின்பக்கம் மடங்கி உட்கார்ந்துவிட்டது. புண் தார்ச்சாலையில் உரசி ரத்தம் கசிந்தது. "போதும், கிடைச்சுடுச்சு" என்றாள் வினோதினி. மிச்சப் பாதையைக் காரில் சுற்றினார்கள். அன்று ராத்திரி பச்சையம்மாளின் அக்காள் மகன் வல்லரசு வினோதினி போட்டிருந்த படத்தைப் போனில் காட்டினான். பதினாலு கிலோமீட்டரும் நாய் நடந்தது போல இருந்தது. மாலையும் விபூதியும் மட்டும் தெரிந்தன, ரத்தம் தெரியவில்லை.

"த்தூ" என்றாள் பச்சையம்மாள்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அவள் போனபோது கார் இல்லை. பதினொரு மணிக்குத்தான் அவர்கள் கிளம்புவதாக இருந்தது. சாவி பூட்டிலேயே தொங்கியது. உள்ளே போனதும் நாற்றம் முகத்தில் அறைந்தது. கொல்லைப்புறக் குளியலறையின் கதவு வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்தது. திறந்தாள். குழாயில் கட்டிப் போட்ட கயிற்றின் முனையில் மஃபின் கிடந்தது. ராத்திரியெல்லாம் அங்கேயே கிடந்திருக்க வேண்டும். தன் கழிவிலேயே படுத்திருந்தது. மூலையில் பாதித் தீவன மூட்டை, ஒரு துண்டு, இரண்டு நாள் முந்திய அந்தச் சாமந்தி மாலை.

சக்கரவர்த்திக்குப் போன் செய்தாள். அரைமணி நேரத்தில் வந்து தெருவில் நின்றார். அவருக்கு விடியற்காலையே குரல் செய்தி வந்திருந்தது. சத்தமாக வைத்துக் காட்டினார். வினோதினியின் குரல்:

"சார், மஃபின் அங்க ரொம்ப பீஸ்ஃபுல்லா இருக்கான். டாக்டர் இன்னும் ஒரு மாசம்தான்னு சொல்லிட்டாங்க. இந்த மண்ணுலயே அவன் உயிர் போகட்டும்னு நாங்க முடிவு பண்ணிட்டோம். முக்தி ஸ்தலம் இல்லையா? அந்த அக்கா அவன நல்லா பாத்துக்கறாங்க. அஞ்சு ஸ்டார் போட்டிருக்கேன் சார்."

குளியலறையில் பார்த்ததைவிட இது நாறியது.

"இன்னா சார் இது?"

"இன்னா பண்றது? மத்தியானம் அடுத்த பார்ட்டி வருது, அவங்களும் நாயோட. வல்லரசு வண்டிய வரச் சொல்லு. செங்கம் ரோட்டுல காட்டு ஓரமா வுட்டுட்டு வந்துடு."

"நடக்கவே முடியாத நாய் சார். தெருநாயிங்க பிச்சுப் போட்ரும்."

"அதுக்கு நான் இன்னா பண்ணட்டும்? கிரிவலப் பாதையில வுடு, யாராவது சாமியாரு சோறு போடுவாரு. புண்ணியம்னு நெனச்சுக்கோ. அஞ்சு ஸ்டார் குடுத்திருக்காங்க, நாம வம்பு பண்ணக்கூடாது."

கைக்குட்டைக்கு மேலே அவர் கண்கள் மட்டும் தெரிந்தன. பச்சையம்மாள் உள்ளே போனாள். குழாயைத் திறந்துவிட்டு நாயைக் கழுவினாள். மூச்சை அடக்கிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு கழுவினாள். புண்ணில் விரல் பட்டபோது அது கடிக்கவில்லை, முனகியது. இரண்டு முறை வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்துவிட்டு வந்து மறுபடியும் கழுவினாள்.

பிறகு வினோதினிக்குப் போன் செய்தாள். எடுக்கவில்லை. நாலு தடவை செய்தாள். செழியனுக்கு இரண்டு தடவை. அவனும் எடுக்கவில்லை. தங்க வருகிறவர்களின் ஆதார் அட்டை நகலை அலமாரியில் வைப்பது வழக்கம். அதை எடுத்து வல்லரசிடம் காட்டினாள். மேடவாக்கத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு என்று படித்துச் சொன்னான்.

"நாளைக்குத் தாம்பரத்துக்குத்தான் வீட்டுச் சாமான் ஏத்தினு போறேன் சித்தி. பக்கம்தான் அது" என்றான் அவன். அவனிடம் குட்டி யானை வண்டி ஒன்று இருந்தது. "ஆனா உனக்கு இன்னாத்துக்கு இந்தத் தலைவலி? நீதான் நாய்னாலே காறித் துப்புவியே."

"துப்பறேன்தான். அதுக்குன்னு ரோட்ல போட்டுட்டு வர்றதா? அவங்க பொருளு, அவங்ககிட்டயே குடுத்துட்டு வந்துடறேன்."

அன்றைக்கு நாயை அடி அண்ணாமலைக்குக் கொண்டுபோய் மாட்டுக் கொட்டகை ஓரம் சாக்குப் போட்டுப் படுக்கவைத்தாள். மறுநாள் விடிந்ததும் கிளம்பினார்கள். பின்னால் பீரோவும் கட்டிலும் குளிர்பதனப் பெட்டியும். முன்னால் வல்லரசு, பச்சையம்மாள், அவள் காலடியில் மஃபின். ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டும் நாற்றம் போகவில்லை. செஞ்சி தாண்டுவதற்குள் அவள் புடவை முந்தானையெல்லாம் மயிர்.

திண்டிவனத்துக்கு முன்னால் ஒரு ஓட்டலில் நிறுத்தினார்கள். நாயைத் தூக்கி இறக்கி, இடுப்புக்குக் கீழே துண்டைக் கொடுத்துத் தாங்கிப் பிடித்து, வேலியோரம் நிற்கவைத்தாள். கல்லாவில் இருந்தவர் ஓடிவந்தார்.

"யம்மா, அந்தாண்ட இட்டுனு போ! சாப்பிடற எடத்துல சொறி நாய இறக்கறியே!"

அரை நிமிடம் முன்னால்தான், பளபளவென்று ஒரு காரில் வந்தவர்களின் வெள்ளை நாய்க்கு அவரே தண்ணீர் வைத்திருந்தார். பச்சையம்மாள் அந்த வட்டிலைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். சாப்பிடாமல் வண்டியில் ஏறிக்கொண்டாள். வல்லரசு வாங்கிவந்த இட்லியில் இரண்டை நாய் தின்றது.

மேடவாக்கத்தில் அந்தக் குடியிருப்பு பத்து மாடி. வாசலில் காவலுக்கு இருந்தவர், "எந்த வீட்டு வேலைக்கு?" என்றார்.

"வேலைக்கு இல்லீங்க. வினோதினின்னு ஒருத்தங்க. அவங்க நாயக் குடுக்க வந்தேன்."

அவர் குனிந்து நாயைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். "இது மஃபின்ல? இது செத்துப் போச்சே!"

பச்சையம்மாளுக்குப் புரியவில்லை. அவர் பெயர் அப்பாதுரை, போளூர்ப் பக்கம். அவள் பேச்சைக் கேட்டதுமே ஊர்க்காரி என்று கண்டுகொண்டவர், அவளை உள்ளே கூட்டிப்போய்க் காட்டினார். கீழ்த்தளக் கூடத்தில் மின்தூக்கிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேஜை. அதன்மேல் சட்டம் போட்ட படம். விபூதி பூசிய மஃபின், பின்னால் மலை. சுற்றிலும் ரோஜாப்பூ, அணைந்த மெழுகுவத்திகள். கீழே எழுதியிருந்ததை அப்பாதுரை படித்தார்: "அண்ணாமலையார் பாதத்தில் இளைப்பாறினான்."

"நேத்து சாயங்காலம் பிளாட்டு சனமெல்லாம் வந்து மெழுகுவத்தி ஏத்துச்சு. அந்தப் பொண்ணு அழுத அழுகைய நீங்க பாக்கணும்" என்றார் அவர்.

பச்சையம்மாள் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். எத்தனையோ அசிங்கத்தைத் துடைத்த கை அவளுடையது. இதை எந்தத் துணியால் துடைப்பது என்று தெரியவில்லை.

பள்ளிக்கூட வண்டியிலிருந்து இறங்கிய பிள்ளைகள்தான் முதலில் கத்தினார்கள். "மஃபின்! மஃபின் உயிரோட இருக்கான்!" பால்கனிகளில் தலைகள் தெரிந்தன. பெண்கள் இறங்கி வந்தார்கள். அப்பாதுரை போன் செய்து ஐந்து நிமிடம் கழித்து வினோதினி வந்தாள். முகம் வெளுத்திருந்தது. பின்னால் செழியன்.

வினோதினி கிட்டே வந்து மெதுவான குரலில் கேட்டாள். "அக்கா, ஏன் இப்படிப் பண்ணீங்க? ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?"

"பண்ணேன் மேடம். நாலு தடவ பண்ணேன், எடுக்கல நீங்க."

"அங்கயே இருந்தா அவனுக்கு மோட்சம்னுதானே..."

"மோட்சம் கெடக்கட்டும் மேடம். அதுக்கு வேண்டியது இடுப்புப் புண்ணுக்கு மருந்து. செத்துப் போச்சுன்னு படம் மாட்டி வெச்சிருக்கீங்க, அது மூத்திரம் போவுது பாருங்க."

உண்மையிலேயே பளிங்குத் தரையில் மஞ்சளாக ஓடிக்கொண்டிருந்தது. நின்றிருந்தவர்கள் விலகினார்கள். யாரோ சிரித்தார்கள். "நேத்து நாங்க எல்லாரும் வந்து நின்னோமே வினோதினி" என்று ஒரு பெண் ஆரம்பித்து, முடிக்காமல் நிறுத்திக்கொண்டாள்.

வினோதினி பச்சையம்மாளின் கையைப் பிடித்தாள். "அக்கா, ப்ளீஸ். நீங்களே வெச்சுக்கோங்க. மாசாமாசம் பணம் அனுப்பறேன்."

பச்சையம்மாள் கையை உருவிக்கொண்டாள். "எனக்கு நாயே புடிக்காது மேடம். புடிச்ச நீங்களே இப்படிப் பண்ணா, புடிக்காதவகிட்ட வுட்டா அது இன்னா ஆவும்?"

அதற்குள் மஃபின் வினோதினியைக் கண்டுகொண்டது. முன்னங்கால்களால் உடம்பை இழுத்துக்கொண்டு, மூத்திரத்தில் புரண்டு, அவள் பாதத்தை நக்கப் போனது. வாலை ஆட்டியது. பச்சையம்மாளுக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை. இதற்கும் வெட்கமில்லையே என்று நாயின் மேலும் ஆத்திரம் வந்தது. வினோதினி ஒரு அடி பின்னால் போனாள். அவளுக்கே தெரியாமல் போனதாக இருக்கும். எல்லோரும் பார்த்தார்கள்.

செழியன்தான் குனிந்து நாயைத் தூக்கினான். தூக்கத் தெரியவில்லை. நாய் வலியில் கத்தியது.

"இடுப்புக்குக் கீழ கை குடுங்க சார். அப்படித்தான். புண்ணுல அழுத்தாதீங்க" என்றாள் பச்சையம்மாள். அவன் அவளை நிமிர்ந்து பார்க்காமல் தூக்கிக்கொண்டு போனான். அவன் வெள்ளைச் சட்டை நனைந்து மஞ்சளானது. அப்பாதுரை காட்டிய குழாயில் அவள் சோப்புப் போட்டு மூன்று முறை கை கழுவினாள். முகர்ந்து பார்த்துவிட்டு இன்னொரு முறையும் கழுவினாள்.

இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தாள். நாலாம் நாள் அவள் அந்த வீட்டில் வேலையாக இருந்தபோது சக்கரவர்த்தி சிரித்த முகத்தோடு வந்தார். போனை நீட்டினார். வினோதினி புதுப் படம் போட்டிருந்தாள். கண்ணீர் வழிய மஃபினைக் கட்டிக்கொண்டு, இறந்துவிட்டதாக நினைத்த குழந்தையை அண்ணாமலையார் உயிரோடு திருப்பிக் கொடுத்துவிட்டார், அற்புதம் நடந்த வீடு இதுதான் என்று சக்கரவர்த்தியின் வாசலைக் காட்டினாள். 'அந்த வீட்டு அக்கா ஒரு தேவதை' என்றும் சொல்லியிருந்தாள். அதைப் பல லட்சம் பேர் பார்த்திருந்தார்கள்.

"சித்திர வரைக்கும் வீடு ஃபுல்லு, பச்சையம்மா! நீ போனதும் நல்லதுக்குத்தான்" என்றார் சக்கரவர்த்தி. காட்டில் விட்டுவிட்டு வரச்சொன்னவர் அவர்தான் என்பது அவருக்கே மறந்துவிட்டிருந்தது.

பிறகு வந்தவர்கள் நோய் பிடித்த நாய்களாகக் கொண்டுவந்தார்கள். அற்புதம் நடந்த இடம் என்று சக்கரவர்த்தி சொல்லிவைத்த குளியலறைக்குள் போய்ப் படம் எடுத்தார்கள், குழாயைத் தொட்டுக் கும்பிட்டார்கள். ஒரு நாள் கோயம்புத்தூர்க்காரி ஒருத்தி தன் நாயை நீட்டி, "உங்க கையால இவனுக்கு விபூதி வெச்சு விடுங்கம்மா" என்றாள். நாயின் கண்ணில் பூளை கட்டியிருந்தது. பச்சையம்மாள் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். கேலி இல்லை, நிஜமாகவே நம்பிக் கேட்கிறாள்.

"மிருக ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போம்மா" என்று சொல்லிவிட்டு, துடைப்பத்தைச் சுவரோரம் சாத்தினாள். சாவியைச் சக்கரவர்த்தியிடம் கொடுத்தாள். எவ்வளவு வேண்டுமானாலும் கூட்டித் தருகிறேன் என்றார் அவர்.

"வாணாம் சார். என்னால இந்த நாத்தம் தாங்க முடியல."

"இப்பதான் நாத்தம் தெரியுதா உனக்கு?"

"நாய் நாத்தத்தச் சொல்லல சார்" என்றாள்.

இப்போது வேங்கிக்காலில் ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுகிறாள். முகூர்த்த நாளில் இடுப்பு ஒடிந்துபோகும். அங்கேயும் எச்சில்தான், எண்ணெய்ப் பிசுக்குதான். ஆனால் எச்சிலை எச்சில் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். அவளுக்கு அது போதுமாக இருக்கிறது.

அங்கே சேர்ந்த மூன்றாம் வாரம், அண்டா தேய்த்துக்கொண்டிருந்தபோது செழியனிடமிருந்து போன் வந்தது. யாரென்று சொன்னதும் வைத்துவிடலாமா என்று நினைத்தாள்.

"மஃபின் காலைல போயிட்டான்மா. உங்களுக்குச் சொல்லணும்னு தோணுச்சு" என்றான்.

அவள் அண்டாவைத் தள்ளி வைத்தாள்.

"வினோதினி ஊர்ல இல்ல. நான்தான் கூட இருந்தேன். ஒரு மாசமா லீவு போட்டுட்டு இருந்தேன்."

"கழுவி வுட்டதெல்லாம் யாரு?"

"நான்தான். நீங்க சொன்ன மாதிரி, இடுப்புக்குக் கீழ கை குடுத்து." பிறகு, "அன்னைக்கு அந்தக் கதவத் தாழ்ப்பாள் போட்டதும் நான்தாம்மா" என்றான்.

மன்னிப்பதற்குப் பச்சையம்மாளுக்கு மனம் வரவில்லை. திட்டுவதற்கும் வரவில்லை.

"சரிங்க சார். கைய நல்லா கழுவிட்டு ஒரு வாய் சாப்புடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அடுத்த நாள் வல்லரசிடம் சொன்னபோது, "அந்தப் பொம்பள எங்க போயிட்டாளாம்?" என்று கேட்டான்.

"நான் கேக்கல. அத வேற கேட்டுத் தெரிஞ்சிக்கணுமா எனக்கு?" என்றாள் பச்சையம்மாள்.